டரான்டுலா தொட்டிக்கு எந்த மூடி? முதலில் மூடியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்

டொரண்டோவில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: முதல்முறையாக ஒரு டரான்டுலா, அதாவது முடி அடர்ந்த பெரிய சிலந்தி, வாங்கியிருக்கிறார், மெக்சிகன் ரெட் நீ வகை, பெண், கால்களை விரித்தால் 10 செ.மீ. இருக்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் 30 செ.மீ. உள்ள எக்ஸோ டெரா கண்ணாடித் தொட்டி, அதோடு வந்த மெஷ் (கம்பிவலை) மூடி. கடையில் காற்றோட்டத்துக்கு மெஷ்தான் நல்லது என்று சொன்னார்களாம், ஆனால் டரான்டுலா வளர்ப்பவர்கள் சிலர் அதை உடனே கழற்றச் சொல்கிறார்களாம். யார் சொல்வது சரி, கழற்றினால் அந்த இடத்தில் எதைப் போடுவது?

கழற்றிவிடுங்கள் தம்பி. அந்த இடத்தில் 4 அல்லது 5 மி.மீ. கனமுள்ள அக்ரிலிக் தகடு, அதில் 3 மி.மீ. துளைகள், அசையாமல் பூட்டிக்கொள்ளும் ஏற்பாடு. சுருக்கமான பதில் இதுதான். ஆனால் காரணம் தெரிந்தால்தான் அடுத்த தொட்டி வாங்கும்போது யாரையும் கேட்காமல் நீங்களே முடிவெடுக்க முடியும், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தொட்டி வாங்கும்போது எல்லோரும் மூடியை மேலிருந்துதான் பார்க்கிறோம். தப்பித்துப் போகுமா, காற்று வருமா, இந்த இரண்டுதான் நம் கவலை. சிலந்தியோ அந்த மூடியின் அடிப்பக்கத்தில் தலைகீழாக நடக்கிறது. ராத்திரி விளக்கை அணைத்த பிறகு கண்ணாடியில் ஏறி, மூலை வழியாக மேலே போய், மூடியில் காலை மாற்றி வைத்து நகரும். புதுத் தொட்டிக்கு வந்த முதல் சில வாரங்களில் இது ரொம்ப அதிகம், இடம் பழகும்வரை சுற்றிச் சுற்றி வரும். மண்ணில் ஈரம் அதிகமானாலும் கீழே இறங்காமல் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். முதிர்ந்த ஆண் என்றால் கேட்கவே வேண்டாம், பெண்ணைத் தேடி ராத்திரி முழுக்க அலையும். அதனால் எந்த மூடி கைக்கு வந்தாலும் முதலில் திருப்பிப் போட்டு, சிலந்தியின் கால் படப்போகும் பக்கத்தைப் பாருங்கள், விரலால் தடவிப் பாருங்கள். பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

டரான்டுலாவின் ஒவ்வொரு காலின் நுனியிலும் இரண்டு வளைந்த நகங்கள், அவற்றின் அடியில் அடர்த்தியான மெல்லிய முடிக்கற்றை. கண்ணாடியில் ஏறும்போது பிடிமானம் தருவது அந்த முடிதான். சிலந்தி கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது வெளியிலிருந்து சின்ன டார்ச் அடித்துப் பாருங்கள், பாதம் பஞ்சு உருண்டையை அழுத்தி வைத்தது மாதிரி பரந்து பதிந்திருக்கும், நகம் கண்ணுக்கே தெரியாது. அதே கால் சொரசொரப்பான இடத்துக்குப் போனதும் நகங்கள் வெளியே வரும். மெஷ்ஷின் கண்ணுக்குள் நுழைந்து கம்பியைக் கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்ளும். உடம்பு லேசான சிலந்தி என்றால் அதை எளிதாக விடுவித்துக்கொண்டு போய்விடும். உங்களிடம் இருப்பது போன்ற தடித்த உடம்புக்காரி, அதுவும் நன்றாகத் தின்று வயிறு உருண்டிருப்பவள், தலைகீழாகத் தொங்கும்போது மொத்த எடையும் அந்த நகத்தில் இறங்கி இன்னும் இறுக்கும். நகத்தைக் கழற்ற வேண்டுமானால் உடம்பைச் சற்று மேலே தூக்க வேண்டும், தூக்குவதற்கு ஊன்றிக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை.

பிறகு இழுக்கும், முறுக்கும். சில சமயம் கால் உடலோடு சேரும் இடத்துக்குப் பக்கத்து மூட்டில் கழன்று போகும், அந்த இடத்தில் கழற்றிவிட்டுத் தப்பிப்பது இந்தச் சிலந்திகளின் இயற்கையான தற்காப்பு. கால் திரும்ப முளைக்கும், ஆனால் அதற்கு அடுத்த தடவை சட்டை உரிக்க வேண்டும், வளர்ந்த பெண் அதற்கு ஒரு வருடமோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளும், முதிர்ந்த ஆணுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. காலாவது போகட்டும், கீழே விழுவதுதான் பெரிய ஆபத்து. டரான்டுலாவின் முன்னுடலில் கெட்டியான ஓடு இருக்கிறது, வயிற்றுப் பகுதியில் வெறும் மெல்லிய தோல். கல்லின் மேலோ, தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பிலோ வயிறு மோதினால் கிழியும். அதன் ரத்தம் லேசான நீலம் கலந்த திரவம், கால்களை நீட்டுவதே அந்தத் திரவத்தின் அழுத்தத்தால்தான். அது வெளியேறினால் நடக்க முடியாது, சாப்பிட முடியாது, சில மணி நேரத்தில் சுருண்டுவிடும்.

"நான் பல வருடமாக மெஷ் மூடிதான் வைத்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அவர்கள் பொய் சொல்லவில்லை. தினமும் நடக்கிற விபத்து இல்லை இது. ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு ஒரு நகம் மாட்டி, அரை மணி நேரம் போராடி விடுபட்டிருந்தால் காலையில் எழுந்து பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது. பெண் ரெட் நீ 20 வருடத்துக்கு மேலும் வாழக்கூடிய உயிர். அத்தனை வருட ராத்திரிகளில் ஒரே ஒரு தடவை சரியாக மாட்டினால் போதும். கொஞ்ச நேர வேலையிலும் ஒரு தகட்டின் விலையிலும் இல்லாமல் செய்யக்கூடிய ஆபத்தை எதற்காக வைத்துக்கொள்ள வேண்டும்?

மெஷ்ஷில் இன்னொரு கோளாறும் உண்டு, சிலந்தி அதைக் கடிக்கும். நைலான் கொசுவலை, ஜன்னலுக்குப் போடும் ஃபைபர் வலை, மெல்லிய அலுமினிய வலை எல்லாவற்றையும் நச்சுப்பல்லால் கிழித்து வழி பண்ணிவிடும். இரும்புக் கம்பி கிழியாது, ஆனால் கம்பியோடு மல்லுக்கட்டி நச்சுப்பல் ஒடிந்தால் அடுத்த சட்டை உரிப்பு வரைக்கும் இரை பிடிப்பதே சிரமம். இரையாகப் போடும் சுவர்க்கோழிகளும் துணி வலையைக் கடித்து ஓட்டை போடும், அந்த ஓட்டை பிறகு பெரிதாகும்.

அப்படியானால் கம்பெனிக்காரர்கள் ஏன் மெஷ் போட்டு விற்கிறார்கள் என்று கேட்பீர்கள். எக்ஸோ டெரா, மாண்ட்ரியாலைத் தலைமையிடமாகக் கொண்ட ஹேகன் நிறுவனத்தின் பிராண்ட், அந்தத் தொட்டிகள் முக்கியமாகப் பல்லி, ஓணான், தவளை போன்றவற்றை மனதில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. பல ஓணான் வகைகளுக்கு மேலிருந்து புற ஊதா விளக்கும் சூடும் வேண்டும், கண்ணாடி அந்தப் புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும், மெஷ் ஓரளவு விடும். அவற்றுக்கு அது சரியான மூடி. டரான்டுலாவுக்குப் புற ஊதா விளக்கும் வேண்டாம், தலைக்கு மேலே சூட்டு விளக்கும் வேண்டாம், வீட்டின் சாதாரண வெப்பநிலை போதும். ஆக, மெஷ்ஷால் கிடைக்கும் லாபம் எதுவும் இதற்குப் பொருந்தாது, நஷ்டம் மட்டும் முழுதாகப் பொருந்தும். தொட்டி நல்ல தொட்டிதான், முன்பக்கக் கதவு, அதற்குக் கீழே காற்று வரும் பட்டை எல்லாம் டரான்டுலாவுக்கும் உதவும், மேல்பகுதியை மட்டும் மாற்றினால் போதும்.

மூடியைப் பற்றிப் பேசும்போது உயரத்தை விட்டுவிட முடியாது. தரையில் வாழும் தடித்த வகைகளுக்கு மண்ணின் மேற்பரப்பிலிருந்து மூடிவரை உள்ள இடைவெளி, கால்களை விரித்த அளவைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் போகக் கூடாது என்பது வளர்ப்பவர்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் கணக்கு. உங்களுடையதற்கு 15 செ.மீ. அந்தத் தொட்டியிலோ கதவுக்குக் கீழே உள்ள கண்ணாடி விளிம்பு வரைக்கும்தான் முன்பக்கம் மண் போட முடியும், அதற்கு மேல் போட்டால் காற்றுப் பட்டை அடைபட்டுவிடும், கதவு திறக்கும்போது மண்ணும் கொட்டும். அதனால் முன்னால் விளிம்பளவும், பின்னால் போகப் போக உயரமாகவும், சரிவாக மண்ணை அழுத்திப் போடுங்கள். தேங்காய் நார்த்தூளோடு தோட்ட மண் கலந்து, லேசாக ஈரப்படுத்தி, கையால் நன்றாக அழுத்தினால் சரிவு நிற்கும். உரமும் பூச்சிமருந்தும் படாத மண்ணாக இருக்க வேண்டும். பிறகு பாறை, கூர்மையான கட்டை, பீங்கான் பொம்மை எதுவும் உள்ளே வேண்டாம். பதுங்க ஒரு மரப்பட்டை, அதைப் பாதி புதைத்து வையுங்கள், தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பும் மண்மட்டத்தோடு இருக்கட்டும். மூடி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் என்றாவது ஒருநாள் வழுக்கி விழத்தான் செய்யும், விழுந்தால் மண்ணில் விழட்டும்.

இனி அக்ரிலிக். பிளெக்ஸிகிளாஸ், பெர்ஸ்பெக்ஸ் என்ற பெயர்களில் கிடைப்பதும் இதுதான். கண்ணாடியை ஏன் சொல்லவில்லை என்றால், அதில் துளை போடுவது வீட்டில் செய்யும் வேலை இல்லை, எடையும் அதிகம், கைதவறினால் சிலந்தியின் மேலேயே உடையும். அக்ரிலிக்கின் குறை, அது ஈரத்தை உறிஞ்சி விரியும். உள்பக்கம் ஈரம், வெளிப்பக்கம் ஹீட்டர் போட்ட வீட்டின் வறண்ட காற்று என்றால் உள்பக்கம் மட்டும் விரிந்து தகடு வளையும், நடுப்பகுதி கீழே இறங்கி நான்கு மூலையும் மேலே தூக்கும். சிலந்தி ஏறி வருவது மூலை வழியாகத்தான் என்று மேலே சொன்னேன், இடைவெளி விழுவதும் அங்கேதான். 2 மி.மீ. தகடு கொஞ்ச நாளிலேயே இப்படி வளைந்துவிடும், 3 மி.மீ. சின்னத் தொட்டிக்குத் தாங்கும், 30 செ.மீ. அளவுக்கு 4 அல்லது 5 எடுப்பதே நல்லது. ரெட் நீ மெக்சிகோவின் பசிபிக் கடற்கரையை ஒட்டிய வறண்ட காட்டுப் பகுதியிலிருந்து வருவது, தொட்டியின் ஒரு மூலையில் கொஞ்சம் ஈரம் இருந்தால் போதும் என்பதால் உங்களுக்கு வளையும் தொல்லை குறைவாகத்தான் இருக்கும். தெரபோசா மாதிரி எப்போதும் ஈரம் கேட்கும் பெரிய வகை வளர்க்கிறவர்கள் இன்னும் தடிமனாகப் போவதோ, பாலிகார்பனேட் தகட்டுக்கு மாறுவதோ நல்லது. பாலிகார்பனேட் துளை போடும்போது விரிசல் விடாது, ஆனால் சீக்கிரம் கீறல் விழும்.

உங்கள் தொட்டிக்குச் செய்ய எளிய வழி, பழைய மூடியின் பிளாஸ்டிக் சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு மெஷ்ஷை மட்டும் கத்தியால் ஒட்ட வெட்டி எடுத்துவிட்டு, அந்தச் சட்டத்தின் உள்ளளவுக்கு அக்ரிலிக் வெட்டி வாங்கிப் பொருத்துவது. சட்டத்தில் இருக்கும் பூட்டுகள் அப்படியே பயன்படும். மெஷ்ஷை வெட்டும்போது ஓரத்தில் கம்பி நுனிகள் நீட்டிக்கொண்டு நிற்கும், ஒன்றைக்கூட உள்பக்கம் விட்டுவைக்காதீர்கள். ஒட்டுவதற்கு மீன்தொட்டிக்குப் பயன்படுத்தும் கலப்பில்லாத சிலிக்கான், பூஞ்சைத் தடுப்பு மருந்து சேர்த்த குளியலறை சிலிக்கான் கூடாது. ஒட்டிய பிறகு வினிகர் வாடை சுத்தமாகப் போகும்வரை, குறைந்தது இரண்டு மூன்று நாள், திறந்த இடத்தில் வைத்துவிட்டுப் பிறகு மாட்டுங்கள். பின்மூலைகளில் ஒயர் விடுவதற்கான சின்னத் திறப்புகள் அந்தத் தொட்டியில் இருக்கும், அவற்றைத் தள்ளி மூடிவிட்டோம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள், தளர்வாக இருந்தால் சிலந்தி தள்ளித் திறக்கும். அதையும் சிலிக்கான் வைத்து அடைத்துவிடுங்கள்.

துளையின் அளவுக்கு ஒரே விதிதான்: சிலந்தியின் முன்னுடல் ஓட்டைவிடத் தெளிவாகச் சிறியதாக இருக்க வேண்டும். வயிறு பெரிதாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது, வயிறு அமுங்கி நீளும், ஓடு நுழைகிற இடத்தில் மீதி உடம்பும் வந்துவிடும். உங்களுடையதன் ஓடு ஒன்றரை செ.மீ. வாக்கில் இருக்கும், அதனால் 5, 6 மி.மீ. துளையில்கூடத் தப்பிக்க வழியில்லை. ஆனாலும் 3 மி.மீ. போதும் என்கிறேன், காலின் நுனியை முழுதாக உள்ளே விட்டு நோண்ட முடியாத அளவு அது. ஒரு பெரிய ஓட்டையைவிட நிறையச் சின்ன ஓட்டைகள் எப்போதும் பாதுகாப்பு.

டிரில் போடும்போது தகட்டின் மேலிருக்கும் பாதுகாப்புக் காகிதத்தை உரிக்காதீர்கள், அடியில் ஒரு மரப்பலகையை வைத்து இறுக்கிப் பிடித்து, மெதுவான வேகத்தில், அழுத்தாமல், பிட் சூடாகாமல் அவ்வப்போது நிறுத்தி நிறுத்திப் போடுங்கள். வேகமாகப் போட்டால் அக்ரிலிக் உருகிப் பிட்டில் சுற்றிக்கொள்ளும், அழுத்தினால் விரிசல் ஓடும். ஓரத்திலிருந்து ஒன்றரை, இரண்டு செ.மீ. தள்ளியே இருக்கட்டும். வார்த்து எடுத்த (காஸ்ட்) அக்ரிலிக், அச்சு வழியாக அழுத்தித் தள்ளி எடுத்ததைவிட (எக்ஸ்ட்ரூடட்) நன்றாகத் துளைபடும், கடையில் கேட்டு வாங்கலாம். பற்றவைக்கும் சூட்டுக்கோலால் துளை போடுகிறவர்களும் உண்டு, வேலை சீக்கிரம் முடியும், ஆனால் அந்தப் புகையை முகரக் கூடாது, வெளியே வைத்துச் செய்ய வேண்டும், துளையைச் சுற்றி உருகி உறைந்த மேடும் நிற்கும். எந்த வழியில் போட்டாலும் சிலந்தியின் கால் படும் பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கித் துளையிடுங்கள், பிசிறு வெளியே போகட்டும். பிறகு துளையைவிடப் பெரிய பிட் ஒன்றைக் கையால் பிடித்து ஒவ்வொரு துளையின் வாயிலும் இரண்டு சுற்று சுற்றினால் விளிம்பு மழுங்கும்.

சரி, மழுங்கியதா என்று எப்படித் தெரியும்? விரலுக்குத் தெரியாத பிசிறு நகத்தில் மாட்டும். கொஞ்சம் பஞ்சை எடுத்து உள்பக்கத்தில் துளைகளின் மேலாக மெல்ல இழுங்கள். எங்கேயாவது ஒரு நூல் பஞ்சு மாட்டி நின்றால் அந்தத் துளைக்கு இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. முழுத் தகட்டையும் இப்படி இழுத்து ஒரு இழைகூட மாட்டாமல் வந்தால் மூடி தயார். நான் கடையில் வாங்கிய ரெடிமேட் அக்ரிலிக் பெட்டிகளையும் இப்படிப் பார்க்காமல் பயன்படுத்துவதில்லை. லேசர் வெட்டில் வரும் துளைகள் பெரும்பாலும் வழவழப்பாக இருக்கும், டிரில்லில் வருவதில்தான் கவனம் வேண்டும்.

காற்றோட்டம் குறைந்துவிடுமே என்ற பயம் வேண்டாம். காற்று ஓட ஒரு வழியாக உள்ளே வந்து இன்னொரு வழியாக வெளியே போக வேண்டும், அவ்வளவுதான். உங்கள் தொட்டியில் முன்பக்கக் கதவுக்குக் கீழே பட்டை இருக்கிறது, ஆகவே மூடியின் பின்பாதியில் துளைகளைப் போடுங்கள், கீழே முன்னால் நுழைந்த காற்று மேலே பின்னால் வெளியேறும். மூடி முழுக்க மெஷ்ஷாக இருந்தால் காற்று அதிகம்தான், ஈரமும் அதே வேகத்தில் போய்விடும். டொரண்டோ குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டின் காற்று எவ்வளவு வறண்டிருக்கும் என்று உங்கள் உதடே சொல்லும். மெஷ் போட்ட தொட்டியில் காலையில் ஊற்றிய தண்ணீர் சீக்கிரம் காய்ந்து, மண் பொடியாகி, கிண்ணமும் வற்றிக் கிடக்கும். கண்ணாடியில் எப்போதும் நீர்த்துளி நின்றால் துளைகள் போதவில்லை என்று அர்த்தம், இன்னும் சில போடலாம். அதனால் முதலில் குறைவாகப் போட்டு, ஒரு வாரம் பார்த்துவிட்டு, தேவையானால் கூட்டுங்கள். போட்ட துளையை அடைப்பதுதான் சிரமம்.

பூட்டு விஷயத்தில் ஒருபோதும் சமாதானம் செய்துகொள்ளாதீர்கள். "கனமாக இருக்கிறது, தூக்காது" என்பது தப்புக் கணக்கு. மூலையில் கால்களை ஊன்றித் தள்ளும்போது டரான்டுலாவுக்கு இருக்கும் வலு பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மேலே புத்தகம் அடுக்குவது, டேப் ஒட்டுவது இரண்டும் கூடாது. புத்தகத்தை ஒருநாள் எடுப்பீர்கள், மறுபடி வைக்க மறப்பீர்கள். டேப்பின் பசைப்பக்கம் ஓரம் பிரிந்து உள்ளே தொங்கினால் சிலந்தி அதில் ஒட்டிக்கொள்ளும், பிய்த்து எடுக்கும்போது முடியும் தோலும் போகும். கொக்கி, கிளிப், சின்னப் பூட்டுத் துளை ஏதாவது ஒன்று வேண்டும். காந்தம் வைத்த மூடிகள் வசதிதான், ஆனால் மேல்பூச்சு போன காந்தம் ஈரத்தில் துருப்பிடித்து உப்பும், பிடி தளரும், வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். பக்கவாட்டில் இழுத்துத் திறக்கும் மூடியில் சிலந்தியின் கால் அந்தத் தடத்துக்குள் இருக்கும்போது தள்ளிவிட்டால் கால் நசுங்கும், மெதுவாக, பார்த்துக்கொண்டே தள்ள வேண்டும். ஐகியாவின் சம்லா போன்ற பிளாஸ்டிக் பெட்டிகளை நிறையப் பேர் பயன்படுத்துகிறார்கள், நல்ல பெட்டிதான், ஆனால் அதன் மூடியும் மூடியைப் பிடிக்கும் கிளிப்பும் தனித்தனியாக விற்கப்படுபவை, கிளிப் வாங்காமல் சும்மா மூடி வைத்தால் அது மூடியே இல்லை. வீட்டில் பூனை இருந்தால் அது வெதுவெதுப்பான இடம் தேடி மூடியின் மேல் குதித்து உட்காரும் என்பதையும் கணக்கில் எடுங்கள், தகடு தடிமனாக இருக்க அது இன்னொரு காரணம்.

அக்ரிலிக்கை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணம், திறப்பதற்கு முன்னால் சிலந்தி எங்கே இருக்கிறது என்று அதன் வழியாகப் பார்த்துவிடலாம். மூடியின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது தெரியாமல் தூக்கிவிட்டால் அது உங்கள் கையோடு வெளியே வரும். கருப்பு மெஷ்ஷில் கருப்புச் சிலந்தி தெரியாது.

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரெட் நீ, ரோஸ் ஹேர் போன்ற அமெரிக்கக் கண்ட வகைகள் பல, பயந்தால் வயிற்றிலிருக்கும் அரிக்கும் முடிகளைப் பின்னங்காலால் உதறிப் பறக்கவிடும். 2009இல் இங்கிலாந்தின் லீட்ஸில் ஒருவர் கண் சிவந்து மருத்துவமனைக்கு வந்தார், கண்ணழற்சி மருந்து போட்டும் ஆறவில்லை, கருவிழியில் மெல்லிய முடிகள் குத்தி நிற்பதை மருத்துவர்கள் பெரிதாக்கிப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். தன் டரான்டுலாவின் தொட்டியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது அது முகத்தை நோக்கி முடி உதறியது அவருக்கு அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. மெஷ் மூடி இருந்தால் நீங்கள் திறக்காமலே அந்த முடி மேலே வரும், குனிந்து பார்ப்பவரின் முகத்துக்கு நேராக. எந்த மூடியானாலும் முகத்தை மேலே நீட்டிக்கொண்டு திறக்காதீர்கள், கண்ணாடி அணியாதவர்கள் ஒரு பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது.

குஞ்சுகளுக்குக் கணக்கே வேறு. கால்களை விரித்தாலும் ஒரு செ.மீ. தாண்டாத குஞ்சு 3 மி.மீ. துளை வழியாக நடந்தே போய்விடும். அவற்றுக்குச் சின்ன பிளாஸ்டிக் டப்பா, அதில் சூடாக்கிய ஊசியால் குத்திய, ஒரு மி.மீ. தாண்டாத துளைகள். பூச்சி வளர்ப்புக்கு என்று விற்கும், மூடி முழுக்க நீள நீளமாகக் கீறல் உள்ள பிளாஸ்டிக் கூண்டுகள் இவற்றுக்கு ஆகவே ஆகாது.

மரத்தில் வாழும் வகைகளுக்கு வேறு ஒரு தொல்லை. அவிகுலேரியா போன்றவை மேல்மூலையில், மூடியை ஒட்டி நூல் கட்டிக் குழாய் வீடு அமைக்கும். மேலே திறக்கும் மூடி என்றால் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் வீட்டைக் கிழிப்பீர்கள். முன்பக்கம் திறக்கும் தொட்டி, அல்லது மூடியில் இரை போடவும் தண்ணீர் விடவும் தனியாக அடைப்பு வைத்த சின்னத் துளை, இரண்டில் ஒன்று வேண்டும். இவை விழுந்தாலும் உடம்பு லேசு, பாதம் அகலம், அதனால் உயரக் கணக்கு இவற்றுக்குப் பொருந்தாது. ஆனால் காற்று தேங்கி ஈரமாகவே இருந்தால் அவிகுலேரியா தாங்காது, பக்கச் சுவர்களிலும் துளை கட்டாயம்.

பீசிலோதீரியா வகை இதில் தனி. முழுக்க நம் பக்கத்துச் சிலந்திகள், இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்பவை. இதில் ஒரு இனமான நீல நிற மெட்டாலிகா ஆந்திராவின் நந்தியால் பக்கத்துக் காட்டைச் சேர்ந்தது, இன்னொன்றான ராஜாயி இலங்கையின் வடக்கே மாங்குளத்திலிருந்து 2012இல் புதிய இனமாக விவரிக்கப்பட்டது. 2019இல் இந்தப் பேரினம் முழுவதும், காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலுக்கு வந்தது, காட்டிலிருந்து பிடித்ததை யாராவது விற்றால் வாங்காதீர்கள். மூடி விஷயத்துக்கு வருகிறேன்: கண் இமைக்கும் நேரத்தில் தொட்டியைச் சுற்றி வந்து கையில் ஏறிவிடும் வேகம், கடித்தால் நாள் கணக்கில் தசைப்பிடிப்பு வரக்கூடிய நஞ்சு, இரண்டும் இதற்கு உண்டு. பூட்டில்லாத மூடியோடு இந்த வகையை வீட்டில் வைக்கவே கூடாது, திறக்கும்போதும் தொட்டியை ஒரு பெரிய பெட்டிக்குள் வைத்துத் திறக்க வேண்டும், பிடித்து மூட ஒரு டப்பா பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

ஏற்கெனவே மெஷ்ஷில் மாட்டித் தொங்கும் சிலந்தியைப் பார்க்க நேர்ந்தால் இழுக்காதீர்கள். முதலில் அதன் எடையைத் தாங்குங்கள், அடியில் மெத்தென்ற துணி மடித்து வைத்த டப்பாவை உடம்பைத் தொடும் உயரத்துக்குக் கொண்டுபோங்கள். ஊன்றிக்கொள்ள இடம் கிடைத்ததும் பெரும்பாலும் தானே நகத்தைக் கழற்றிக்கொள்ளும். இல்லையென்றால் மென்மையான பெயிண்ட் பிரஷ்ஷால் மெஷ்ஷின் மேல்பக்கத்திலிருந்து நகத்தை மெல்லத் தள்ளுங்கள். அதுவும் முடியாவிட்டால் நகத்தைச் சுற்றிக் கம்பியைச் சின்னக் கத்தரியால் வெட்டுங்கள், மெஷ் போனால் போகட்டும். திரவம் கசிந்தால் சோளமாவை (கார்ன் ஸ்டார்ச்) காயத்தின் மேல் தூவினால் அடைபட உதவும். பிறகு இருட்டான, அமைதியான இடத்தில் தண்ணீர்க் கிண்ணத்தோடு விட்டுவிடுங்கள், சில நாள் இரை போட வேண்டாம்.

தகடு வெட்டி வர ஒரு வாரம் ஆகும் என்றால் அதுவரை சும்மா இருக்க வேண்டாம். புத்தகங்களுக்கு அட்டையாகப் போடும் தடித்த ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளை மூடியின் உள்ளளவுக்கு வெட்டி, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஊசியால் குத்திச் சில துளைகள் போட்டு, மெஷ்ஷின் அடியில் விளிம்பு ஒட்டி வருமாறு வைத்து, பிளாஸ்டிக் கட்டுப்பட்டையால் மெஷ்ஷோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள், பட்டையின் முடிச்சும் நுனியும் மேல்பக்கம் இருக்கட்டும். முன்பக்கப் பட்டையின் காற்றோடு சேர்த்து ரெட் நீக்கு ஒரு வாரத்துக்கு அது தாராளமாகப் போதும். இன்று ராத்திரி விளக்கை அணைப்பதற்கு முன்னால் அதைச் செய்துவிடுங்கள், அக்ரிலிக் கடைக்கு நாளைக்குப் போகலாம்.